மேசைக்கு அடியில் ஒரு சிறுமி

மூன்றாவது கருவும் கலைந்தபோது, காரணமாவது தெரியட்டும் என்று கலைந்து வந்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பெண் குழந்தை, ஒரு குறையும் இல்லை என்று முடிவு வந்தது. பிறக்கவில்லை என்பதைத் தவிர ஒரு குறையும் இல்லையாம்.

அன்றிலிருந்து தையல்காரிக்குக் கடையில் ஒரு துணை. துணி வெட்டும் மேசைக்கு அடியில் ஒரு சிறுமி முதுகைக் காட்டி உட்கார்ந்து, விழுகிற துண்டுகளைப் பொறுக்குவாள். புருஷனிடம் சொன்னால் மறை கழன்றுவிட்டது என்பான், அவள் மூச்சுவிடவில்லை.

இன்று டாக்டரம்மா தயங்கித் தயங்கிப் பேசினார்.

"உங்க ரத்தத்தோட ஒப்பிட்டுப் பாத்தோம்மா. போன தடவ சோதிச்சது குழந்தையோடது இல்ல. அதோட ஒட்டி வந்த உங்க சதை."

சின்ன வயதில் விழுந்து மோவாயில் வாங்கிய தழும்பைத் தடவிக்கொண்டே அவள் கேட்டாள். "அப்ப இத்தன நாளா நான் யாருக்கு அழுதேன் டாக்டர்?"

டாக்டரம்மா அறிக்கையை மடித்து அவளிடம் நீட்டினார்.

கடைக்கு வந்தவள், இனி யார் இருக்கப்போகிறார்கள் என்று மேசைக்கு அடியில் குனிந்தாள்.

சிறுமி இருந்தாள். முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தாள். இதுவரை பொறுக்கிய துண்டுகளையெல்லாம் மோவாயில் அழுத்திப் பிடித்திருந்தாள். ரத்தம் நிற்கவே இல்லை.