புகைக்குழாயில் கறுப்பு டேப்

"சென்சரிலை பிழையில்லை தங்கச்சி, வயரிலைதான் பிழை" எண்டு மாளிகாவத்தை மெக்கானிக் மஹ்ரூப் நானா படிச்சுப் படிச்சுச் சொன்னவர். எங்கட டீசல் வானிலை புகைக்குழாய்ச் சூட்டைப் பார்க்கிற சென்சர் ஒண்டு இருக்கு. ரெண்டுதரம் புதுசு போட்டும் டாஷ்போர்டிலை லைற் எரிஞ்சுகொண்டே இருந்தது. நானா மீற்றர் பிடிச்சுப் பார்த்தார். வயர் குழாயிலை முட்டி உருகுதாம். சூடு தாங்கிற உறை போட்டு, கிளிப் அடிச்சு, தள்ளிக் கட்டவேணுமாம். நாளைக்கு வானைக் கொண்டுவரச் சொன்னார்.

என்ர மனுஷன் பூபாலசிங்கம் கேட்டால்தானே! "இந்தச் சின்ன வேலைக்கு இன்னொருக்காப் போறதோ?" எண்டு, தானே கீழை பூந்து வயருக்குக் கறுப்பு டேப்பைச் சுத்திக் கட்டிவிட்டார். சண்டை நடக்கிற காலத்திலை, கொழும்பிலை, தமிழன்ர வானுக்குக் கீழை டேப் சுத்தின வயரெண்டால் குண்டெண்டுதானே நினைப்பாங்கள்! எனக்கும் அந்த நேரம் உறைக்கேல்லை பாருங்கோ.

கொட்டாஞ்சேனையிலை இருந்து வெள்ளவத்தைக்குத் திரும்பி வரேக்கை செக்பொயின்றிலை ஆமிக்காரங்கள் மறிச்சாங்கள். ஒருத்தன் தடியிலை பூட்டின கண்ணாடியை வானுக்குக் கீழை விட்டான். விட்டவன் பின்னாலை பாய்ஞ்சு கத்தினான். எல்லாத் துவக்கும் எங்கட பக்கம் திரும்பிச்சுது.

நுகேகொடையிலை புடைவைக்கடையிலை நிண்டு பழகின சிங்களம் எனக்கு. அதிலை சென்சருக்கு எங்கை சொல்? "சூடு பார்க்கிற சாமான் மாத்தையா, சூடு பார்க்கிற சாமான்" எண்டு அழுதழுது சொன்னன்.

"அப்ப அவனைக் கழட்டிக் காட்டச் சொல்லு" எண்டான் அவங்களுக்குள்ளை பெரியவன். "வயரிலை கை வைக்கக்கூடாது. டக்கெண்டு கை அசைஞ்சால் சுடுவம்."

எஞ்சின் இப்பத்தான் நிண்டது. குழாய் கொதிச்சுக்கொண்டிருக்கும். "துணி ஒண்டு குடுக்கட்டோ?" எண்டு கேட்டன். வாயை மூடச் சொன்னாங்கள். மனுஷன் ஸ்பனரோடை கீழை போனார். கால் ரெண்டும்தான் எனக்குத் தெரிஞ்சது. "முருகா, இவர் கையை இழுத்திடக்கூடாது. இழுத்தால் முடிஞ்சுது." கால் விரல் எல்லாம் மடங்கிச்சுது. சத்தம் வரேல்லை.

"இஞ்சாருங்கோ, அசையாதையுங்கோ!" எண்டு கத்தினன். நாள் முழுக்க அவரை ஏசுற வாய், வேறொண்டும் வரேல்லை.

"ஹெமின், ஹெமின்" எண்டான் பெரியவன். மெல்ல வரட்டாம். மெல்லத்தான் வந்தார். சென்சரின்ர இரும்பை விரலாலை பிடிச்சபடி கையை நீட்டினார். முகம் முழுக்க வேர்வை.

கண்ணாடி பிடிச்ச ஆமிக்காரன் வந்து அதை வாங்கினான். வாங்கின வேகத்திலை "அம்மோ!" எண்டு கீழை எறிஞ்சுபோட்டு, கையை உதறி உதறித் துள்ளினான். மற்றவங்கள் விழுந்து விழுந்து சிரிச்சாங்கள். பெரியவனும் சிரிச்சு, போகச் சொல்லிக் கை காட்டினான்.

நான் ஓடிப்போனன். இவர் நீட்டின கை நீட்டினபடி நிக்கிறார்.

"முடிஞ்சுதப்பா, கையை எடுங்கோ."

"எடுக்கலாமோ எண்டு அவங்களிட்டைக் கேளும்" எண்டார்.