சிவப்புக் குறி விழுந்த படங்கள்

யதுர்சிகாவின் கலியாணத்துக்கு அவளுடைய தகப்பன் அமிர்தநாயகம் வரவில்லை என்பது பள்ளிமுனை முழுவதற்கும் தெரியும். பூசை முடியுமட்டும் பீடத்தைப் பார்த்தவர்களைவிடக் கோயில் வாசலைப் பார்த்தவர்களே அதிகம். நானும் பீடத்தைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளை சுபாஸ்கரன் வெள்ளாங்குளத்து வயல்காரர். பெட்டைக்காக ஞானஸ்நானம்கூட எடுத்தவர். கடற்தொழில்காரரான அமிர்தநாயகம் ஊருக்குச் சொன்ன குறை, பொடியனுக்கு நீந்தத் தெரியாது என்பது. சொல்லாத குறை, தன்னைக் கேளாமல் மகள் ஆளைத் தெரிந்தெடுத்துவிட்டாள் என்பது. கடைசியில் தாய்மாமன்தான் அவளைக் கைபிடித்துக் கூட்டிப்போனார்.

கொஞ்ச நாளிலேயே, கரையில் வலை இழுத்துக்கொண்டு நின்ற அமிர்தநாயகம் நின்ற இடத்திலேயே விழுந்து செத்துப்போனார். மகளும் அப்பனுக்குத் தப்பிப் பிறக்கவில்லை. “என்ர கலியாணத்துக்கு அவர் வரேல்லை, அவற்ற சவப்பெட்டிக்கு நான் வரமாட்டன்” என்று வெள்ளாங்குளத்திலேயே இருந்துகொண்டாள். தாய் ஆள் அனுப்பினாள், பாதர் போன் எடுத்தார். ம்ஹும். சேமக்காலைக் குழியில் மண் போடும்வரை ஊர் மறுபடியும் வாசலைப் பார்த்தது.

கலியாணப் படம் எடுத்தவன் டிலோஜன். விடத்தல்தீவுப் பொடியன், என் வீட்டுக்கு முன்னால் ஸ்டூடியோ வைத்திருக்கிறான். போனுக்குக் கண்ணாடி ஒட்டும் சாட்டில் நான் அங்கே போய் இருப்பது வழக்கம். கமராவிலிருந்து இறக்கின, கைபடாத படங்களை அவன் பொறுக்குவதைப் பார்ப்பது நாடகம் பார்ப்பதைவிடச் சுகம். யார் சேலை யாருடையதைப் போல இருந்தது, யார் யாரோடு நிற்காமல் நழுவினார்கள், எல்லாம் வரும். அவனுடைய சட்டம் கண்டிப்பு. கலியாணப் பொம்பிளையின் கண் தெளிவில்லாவிட்டால் சிவப்புக் குறி. ஒரே மூச்சில் அடித்த படங்களில் நல்லது ஒன்றுக்குப் பச்சை, மற்றவை குப்பை. யதுர்சிகாவின் படங்களைச் செத்தவீட்டுக்கு முந்தின கிழமையே பொறுக்கி முடித்திருந்தான்.

செத்தவீடு முடிந்து ஒருநாள், அடுத்த கலியாணப் படங்களுக்குக் கொம்பியூட்டரில் இடம் வேண்டுமென்று சிவப்புகளை அழிக்கப் போனான். அதற்குமுன் ஒருதரம் வேகமாகத் தட்டிப் பார்த்தான்.

கோயில் வாசல். பொம்பிளை கார் ஏறப்போகும் நேரம். யதுர்சிகா முகமே தெரியாமல் வெள்ளைப் புகை மாதிரி நிற்கிறாள். அவளுக்குப் பின்னால், ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஐஸ் லொறியின் மறைவில் ஒரு மனிசன் மட்டும் படு தெளிவு. பெருநாளுக்குப் போடுகிற சேட்டு, ஸ்திரிக்கை மடிப்போடு.

நான் அவன் கையைப் பிடித்தேன்.

“நில்லு தம்பி. இது ஆர் தெரியுமோ?”

“ஆரோ ஈ இலையான் கலைக்கிற ஆள், அன்ரி. கமரா பொம்பிளையை விட்டிட்டு அந்தாளைப் பிடிச்சிட்டுது.”

அவனையும் குற்றம் சொல்ல முடியாது. அமிர்தநாயகம் ஒருநாளும் அவன் முன்னால் போய் நின்றதில்லை. சந்தியில் கட்டின கண்ணீர் அஞ்சலி பனரில் இருந்ததோ மீசை கறுப்பாயிருந்த காலத்துப் படம்.

முதலில் இருந்து தட்டச் சொன்னேன். ஒன்றில் கை உயர்ந்து நிற்கிறது. அடுத்ததில் நெஞ்சுக்கு நேரே இறங்குகிறது. அடுத்ததில் இடப்பக்கம் போகிறது. தனித்தனியே பார்த்தால் இலையான் கலைப்பதுதான். எங்கள் வீடுகளில் பொம்பிளை கோயிலுக்கு இறங்க முன் முழந்தாளில் நிற்பாள். தகப்பன் நெற்றியில் சிலுவை போட்டுவிடுவார். அன்று விடிய முன்னமே கரைக்குப் போய்விட்ட மனிசன், ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று அதைக் காற்றில் போட்டிருக்கிறார்.

நான் வாயை மூடிக்கொண்டு இருக்கிற ஆளா? அடுத்தநாளே யதுர்சிகா வந்து ஸ்டூடியோக் கதிரையில் இருந்தாள். டிலோஜன் அவள் முகத்தைப் பார்க்காமல் படங்களை எடுத்து வைத்தான். அவளே தட்டினாள். மேலே. கீழே. இடப்பக்கம். அழவில்லை. திரும்பத் திரும்பத் தட்டினாள்.

“வலப்பக்கம் எங்க அண்ணா? அதோடதானே முடியும்.”

“இல்லைத் தங்கச்சி.” அவன் மேசையைப் பார்த்துச் சொன்னான். “உங்கட முகம் கலங்குது எண்டு கண்டு நிப்பாட்டிப்போட்டன்.”

அவள் இன்னொருதரம் தட்டினாள். அடுத்த படம் மண்டபம், கேக் வெட்டு, பச்சைக் குறி. அதில் யதுர்சிகா பல் தெரியச் சிரிக்கிறாள். இமை மயிர்கூட எண்ணலாம். அந்தச் சிரிப்பைக் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு ஒரு படம் பின்னுக்குப் போனாள்.

கதிரையை இழுத்து, குனிந்து, நெற்றியைத் திரையில் அந்தக் கைக்குக் கிட்டக் கொண்டுபோனாள். அப்படியே இருந்தாள்.

டிலோஜன் எழும்பி வெளியே போனான். நானும் போனேன். திரும்பிப் பார்க்கவில்லை.