படக்கூடத்துக் கீழ்ப்படி

ஈர வேட்டியின் முனையில் சாவியை முடிந்து இடுப்பில் செருகிய பிறகே கஜபதி கொள்ளிச்சட்டியைக் கையில் வாங்கினார். பாடையில் அவர் மனைவி ஞானம்மாள். முந்தின நாள் மத்தியானம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள். அவளுடைய தம்பி கன்னியப்பன் சாவியைப் பார்த்துவிட்டான்.

"இன்னிக்குமா மாமா அந்தச் சாவி? எங்கக்காவ விட அத்தத்தான் பத்தரமா வெச்சிகினு இருந்த."

மகள் பத்மா குனிந்து அம்மாவின் காலடிப் பூவைச் சரிசெய்தாள். மேளம் தொடங்கியது.

அது தெருமுனையில் இருந்த ஓவிய அருங்காட்சியகத்தின் சாவி. அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிகளில் வேலை பார்த்தவர்கள் சிலர் சேர்ந்து, எண்பத்திரண்டில், பழைய ரேஷன் கடைக் கட்டடத்தில் ஆரம்பித்தது. தெருவில் அதற்குப் படக்கூடம் என்று பேர். பகலெல்லாம் லேத் மெஷினில் நின்றுவிட்டு வந்து கஜபதி அங்கே படங்களுக்குச் சட்டம் அடிப்பார். ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களுக்குப் பத்மா சுற்றிக் காட்டுவாள். ஞானம்மாள் பழைய புடவைகளில் திரை தைத்தாள். எல்லோருக்கும் டீ போட்டாள்.

ஒரு போகிக்கு வீட்டைத் துடைத்த கையோடு அங்கேயும் போய்த் துடைத்தாள். கண்ணாடி போடாத ஏரிப் படம் ஒன்றை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்ததில் வானம் துணியோடு வந்துவிட்டது. படம் வரைந்தவர் பக்கத்திலேயே நின்றார். அவர் முன்னால் கஜபதி, "ஒண்ணும் தெரியாத கைக்கு இங்க இன்னா வேல?" என்றார்.

அதற்குப் பிறகு ஞானம்மாள் உள்ளே போகவில்லை. டீத் தூக்கைக் கீழ்ப்படியில் வைத்து, பத்மாவைக் கூப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவாள்.

அந்தப் படத்தைக் கஜபதி எறியவில்லை. கண்ணாடி போட்டு, கதவைத் திறந்தால் நேரே தெரியும் சுவரில் மாட்டினார். யாராவது கேட்டால், "அது எங்க ஊட்ல பண்ணது" என்பார். பத்மாவிடம் ஒன்றிரண்டு தரம், அம்மாவை உள்ளே வந்து பார்க்கச் சொல் என்றார். திட்டினவரே கூப்பிடட்டும் என்று பத்மா அதை அம்மாவிடம் சொல்லாமல் விட்டாள். ஒருநாள் டீத்தூளை அளந்துகொண்டே அம்மா கேட்டாள்: "அந்த ஏரிப் படத்த கடாசிட்டாரா உங்கப்பா?"

பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பத்மா நிமிரவில்லை. "அத்த வுடும்மா."

ஊர்வலம் நெருங்க நெருங்கக் கடைகளின் ஷட்டர்கள் பாதிக்கு இறங்கின. படக்கூடத்தின் முன் கஜபதி நின்றார். மேளமும் நின்றது. சட்டியைக் கன்னியப்பனிடம் நீட்டினார்.

"கை மாத்தக் கூடாது மாமா. நட."

கஜபதி மகளைப் பார்த்தார். பத்மா வந்து அவர் இடுப்பு முடிச்சை அவிழ்த்தாள். ஈரத்தில் அது இறுகியிருந்தது. பூட்டைத் திறந்து இரண்டு கதவையும் தள்ளினாள். கஜபதி, பார்க்க வருகிறவர்களுக்கு எப்போதும் செய்வதுபோல, ஓரமாக ஒதுங்கி வழிவிட்டு நின்றார். சட்டிப் புகை அவர் முகத்தில் ஏறியது. தோள் மாற்றச் சொல்லும் சாக்கில் கன்னியப்பன் பாடையைக் கொஞ்சம் கதவுப் பக்கம் திருப்பச் சொன்னான்.

பிறகு தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்களுக்கு அதுதான் எல்லை. பத்மாவிடம் குளிக்க வா என்று சொல்லிவிட்டு ஒவ்வொருத்தியாகத் திரும்பினார்கள். சாவி கையில் இருந்தும் பத்மா பூட்டவில்லை. எதிரே ஷட்டர்கள் ஏறின. உள்ளே, ஏரிக்கு மேலே, துணி போன வழி வெள்ளையாக வளைந்து தெரிந்தது.

கீழ்ப்படியில், தூக்கு வைத்து வைத்துப் பதிந்த வட்டத்தில், ஊர்வலத்தில் இறைத்த பொரி விழுந்திருந்தது. அதில் கால் படாமல் மேல்படியில் உட்கார்ந்தாள்.