சில்வர் பூசிய செயின்

ஒத்தக்கடை தாண்டி மேலூர் சாலையில் இருக்கும் ஜனகராஜின் கிரானைட் பட்டறை, ஆயுத பூஜை முடிந்த அந்த வாரம் பளபளத்தது. எல்லா இயந்திரங்களுக்கும் சில்வர் பெயின்ட். கல் தூக்கும் செயின் பிளாக்குக்குக் கொக்கி வரை இரண்டு பூச்சு, மேலே சந்தனம், குங்குமம்.

இயந்திரங்களின் வருடாந்திரப் பாதுகாப்புப் பரிசோதனைக்கு வந்த சரண்யாதேவி, கொக்கியைப் பார்த்துவிட்டுப் பையிலிருந்து கம்பி பிரஷ்ஷை எடுத்தார்.

“பெயின்டச் சுரண்டணும் சார்.”

“பூஜை போட்டு முழுசா ஒரு வாரம் ஆகல மேடம்,” என்றார் ஜனகராஜ். “வெளிய லாரி நிக்குது. திருமங்கலத்துல புது வீட்டுக்கு நாளைக்கழிச்சுப் பால் காய்ச்சுறாங்க. இன்னைக்குக் கல்லு போனாத்தான் சமையக்கட்டு முடியும்.”

“விரிசல் இருந்தா பெயின்டுக்குள்ள தெரியாது.”

“போன வருசம் நீங்கதான நல்லா இருக்குன்னீங்க?”

“அது போன வருசம்.”

கல் ஏற்றும் அசீம் சிரித்துவிட்டான். “சிரி மாப்ள,” என்றார் ஜனகராஜ், “லாரிக்காரர்ட்ட நீதான் பேசப் போற.”

சுரண்டியதும் சுத்தமான இரும்பு தெரிந்தது. விரிசல் இல்லை.

“கல்யாணப் பொண்ணு மேக்கப்பக் கலைச்ச மாதிரி இருக்கு மேடம்,” என்றான் அசீம். ஜனகராஜ் லாரியை உள்ளே விடச் சொல்லக் கையைத் தூக்கினார்.

“நல்ல கொக்கி. இப்பத்தான் அதைச் சொல்ல முடியும்,” என்ற சரண்யாதேவி செயினைக் கையில் பிடித்தார். மடங்க வேண்டிய வளையங்கள் கம்பி போல விறைத்து நின்றன. “இதுக்கும் பூசினீங்களா?”

“அத மட்டும் விட்டா மூளியாத் தெரியாதா?”

சரண்யாதேவி, ஓரத்தில் கிடந்த ஒரு கழிவுப் பலகைக்கல்லைக் கட்டித் தூக்கச் சொன்னார். அசீம் வழக்கம்போல ஒரு கையில் ஒயரில் தொங்கும் சுவிட்சும் மறு கை கல்லிலுமாக நின்றான்.

“ஒயர் எட்டுற வரைக்கும் தள்ளிப் போங்கண்ணே.”

“புடிக்கலேன்னா ஆடும் மேடம்.”

“ஆடட்டும்.”

அசீம் தள்ளிப் போய்ப் பொத்தானை அழுத்தினான். கல் முழங்கால் உயரம் எழும்பியது. பெயின்டால் ஒட்டிக்கிடந்த வளையங்கள் மேலே பல்சக்கரத்தில் பொருந்தாமல் ஏறி, சட்டென்று தாவின. கல் தொப்பென்று இறங்கி இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதி அசீம் முதலில் நின்றிருந்த இடத்தில் விழுந்தது.

தூசி அடங்கியது. ஜனகராஜ் அந்தப் பாதிக் கல்லையும் அசீமையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு போனை எடுத்துத் திருமங்கலத்துக்காரரை அழைத்தார்.

“அண்ணே, கல்லு இன்னைக்கு வராது. லாரியெல்லாம் வந்துருச்சு. எங்க செயின்லதான் கோளாறு.” மறுமுனையில் கத்துவது பக்கத்தில் நின்றவர்களுக்கே கேட்டது. ஜனகராஜ் முழுவதையும் கேட்டுக்கொண்டார். “நாளைக்குக் காலையில கல்லோட என் ஆளுங்களையும் அனுப்புறேன். நின்னு பதிச்சுக் குடுத்துட்டு வருவாங்க. ஆனா இன்னைக்குத் தூக்க முடியாது.”

போனை வைத்துவிட்டு, “வேற செயின் பிளாக் வாங்கிட்டு வந்தா இன்னைக்கே பாப்பீங்களா மேடம்?” என்று கேட்டார்.

“எத்தன மணியானாலும் பாத்துட்டுத்தான் போறேன். அதுக்குள்ள மத்த மெஷினெல்லாம் முடிச்சிருவேன்.”

“மாப்ள, வண்டிய எடு. நானும் வாரேன்.”

அசீம் வண்டிச் சாவியை எடுப்பதற்கு முன் சுவிட்ச் பலகைக்குப் போனான். செயின் பிளாக்கின் ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.