கம்பத்தில் விட்ட கம்பி

லைன்மேன் துரைராசு மின்கம்பத்திலிருந்து விழுந்தபோது முதலில் ஓடியது நான்தான். திருக்காட்டுப்பள்ளிக் கடைத்தெருவே அதற்காக என்னைப் பாராட்டியது.

பிளெக்ஸ் அடித்துக் கட்டுவது என் தொழில். ஆவணியில் ஒரு மணிவிழா வந்தது. திருக்கடையூரில் தாலி கட்டித் திரும்பும் தம்பதியை வரவேற்க, வீட்டுக்கு எதிரே உள்ள கம்பத்தில் கட்டச் சொன்னார்கள். கயிறு போட்டால் ஆற்றுக் காற்று அறுத்துவிடும். கட்டுக்கம்பியால் இறுக்கினேன். விழா முடிந்ததும் பிளெக்ஸை மட்டும் அறுத்துக் கொடுத்தேன். களத்தில் நெல் மூட ஆகும். கம்பி யாருக்கும் ஆகாது. கம்பத்திலேயே விட்டேன். எப்போதும் அப்படித்தான் விடுவேன்.

புரட்டாசியில் ஒரு காலை, மின்சாரத்தை நிறுத்திவிட்டு அந்தக் கம்பத்தில் ஏறினார் துரைராசு. நான் எதிர் டீக்கடையில் நின்றேன்.

"என்னடா பரணி, கம்பியக் கட்டிக் கம்பத்துக்கே கல்யாணம் பண்ணி வச்சுருவ போலருக்கு!" என்று மேலிருந்து கத்தினார். சிரித்தேன்.

இறங்கும்போது முறுக்கிய கம்பி முனை அவர் பேண்ட்டில் மாட்டியது. காலை உதறினார். விழுந்தார்.

அவரை வேனில் ஏற்றி, கூட்டம் கலைந்ததும், கம்பியை வெட்டிப் பையில் போட்டுக்கொண்டேன். அதில் காக்கி நூல் சிக்கியிருந்தது.

அவருக்கு இடுப்பெலும்பு முறிவு. குடித்துவிட்டு ஏறினார் என்று ஊரில் பேச்சு. நான்காம் நாள் அவர் மனைவி அகிலாண்டம் என் கடைக்கு வந்தார்.

"தம்பி, நீங்கதான அவரத் தூக்குனீங்க? வாடை அடிச்சுதா?"

"இல்லக்கா."

"அத எழுதிக் குடுங்க. கம்பி மாட்டுச்சுன்னு அவரு சொல்றாரு. யாரு கட்டுனதுன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கிறாரு. ஆபீஸ்லேருந்து வந்து பாத்தவங்க கம்பியே இல்லங்கிறாங்க. குடிகாரன் உளர்றான்னு வேலையவிட்டுத் தூக்கிருவாங்க தம்பி."

எழுதினேன். வாயில் வாடை இல்லை. அது உண்மைதான். கையெழுத்தும் போட்டேன்.

"ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று கும்பிட்டார்.

அதைத் தாங்க முடியவில்லை. பையிலிருந்த கம்பியை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் காக்கி நூலை விரலால் தொட்டார்.

"இது எங்க கெடந்துச்சு?"

"கெடக்கலக்கா. நான்தான் அன்னைக்கே வெட்டி எடுத்தேன். கட்டுனதும் நான்தான்."

அவர் தாளை என் பக்கம் தள்ளினார்.

"அதையும் எழுதுடா."