தினமும் ஒன்று ஐந்துக்கு

இணையதளம் மறுபடி படுத்துவிட்டது. புது சர்வருக்கு மாறிய பத்து நாளில் இது ஆறாவது முறை. ஒரு நாள் காலையில், ஒரு நாள் சாயங்காலம், நேரங்காலம் கிடையாது.

"பஸ் டிக்கெட் எடுக்க வந்தவங்க எல்லாரும் நம்மள வாயார வாழ்த்திட்டு இருக்காங்க," என்றார் மேலாளர். எதற்கெடுத்தாலும் அலறுவதால் ஆபீசில் அவருக்கு 'அலாரம்' என்று பெயர். "இது சரியாகாம உங்களுக்கு லீவு கிடையாதும்மா. சொல்லிட்டேன்."

அவள் தலையாட்டினாள். நாளைக் காலை விமானம். கணவனைப் பார்த்து எட்டு மாதம். போனில் தெரியும் முகத்தைத் தொட்டால் கண்ணாடிதான் சில்லென்றிருக்கிறது.

தளத்தை எழுப்பிவிட்டுப் பதிவேட்டைப் பார்த்தாள். எல்லா முறையும் ஒரே காரணம்: மெமரி நிரம்பிவிட்டது. புரோகிராமில் எங்கோ கசிவு; எடுத்த மெமரியைத் திருப்பித் தருவதில்லை. சரி, அதே புரோகிராம் பழைய சர்வரில் ஐந்து வருடம் கல்லுக்குண்டாக ஓடியதே?

இன்னும் அணைக்காத பழைய சர்வரின் பதிவேட்டைத் திறந்தாள். திங்கள், பகல் ஒன்று ஐந்து: தளம் புதிதாகத் தொடங்கியது. செவ்வாய், ஒன்று ஐந்து. புதன், ஒன்று ஐந்து. மெமரி நிரம்புவதற்குள் எதுவோ தினமும் தளத்தை நிறுத்தித் திரும்பக் கிளப்பியிருக்கிறது.

எது? தானாக ஓடும் வேலைகளின் பொதுப் பட்டியலில் அப்படி ஒன்றுமில்லை. அதை வரிக்கு வரி புது சர்வருக்கு மாற்றியதே அவள்தான். பாக்கி ஓரிடம்தான். விரல் தயங்கியது.

வேலையை விட்டுப் போனவர்களின் கணக்குகளையும் திறந்து பார்த்த பிறகே மாற்ற வேண்டும் என்பது ஆபீஸ் விதி. ஒன்றை மட்டும் திறக்காமலே 'எதுவுமில்லை' என்று எழுதியிருந்தாள். எட்டு மாதம் முன்புவரை எதிர் நாற்காலியில் உட்கார்ந்து அந்த சர்வரைக் கட்டி மேய்த்தவனின் கணக்கு. அவள் கணவனுடையது. திறந்தால் அன்று வேலை ஓடாது என்று பயம்.

திறந்தாள். ஒன்று ஐந்துக்குத் தளத்தை நிறுத்திக் கிளப்பும் ஒரே ஒரு வேலை. மேலே அவன் குறிப்பு: 'மகாராணி சாப்பிட உக்கார்ற நேரம். தளம் படுத்து யாரும் அவளை எழுப்பக் கூடாது.'

ஐந்து வருடத்தில் ஒரு நாள்கூட அவள் பாதிச் சாப்பாட்டில் எழுந்ததில்லை. "நமக்கு மச்சம்டா," என்பாள். எதிரே குனிந்து சிரிப்பான், கள்ளன்.

போன் செய்தாள். "ஏன் சொல்லவே இல்ல?"

"என் கணக்க நீ திறந்து பாத்திருப்பன்னு நெனச்சேன்."

"முடியல."

அவன் கேட்டான்: "நாளைக்கு வந்துடுவல்ல?"

போனை வைத்தாள். அந்த வேலையைக் குறிப்போடு புது சர்வரில் ஏற்றினாள். அலாரத்தைக் கூப்பிட்டாள்.

"தப்பு என்னோடது சார். ஒரு கணக்கப் பாக்காம விட்டுட்டேன். கசிவ லீவு முடிஞ்சு வந்து அடைக்கிறேன். அதுவரைக்கும் இது தாங்கும்."

அவர் திரையைப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். சுவரில் மணி ஒன்றைத் தாண்டியிருந்தது.

"சாப்பிட்டுட்டுக் கெளம்புங்கம்மா," என்றார், அலறாமல். "பெட்டி கட்டணும்ல."

காலி நாற்காலிக்கு எதிரே டிபன் பாக்ஸைத் திறந்தாள். ஒன்று ஐந்து. தளம் ஒரு கணம் கண்ணயர்ந்து எழுந்தது. அவளை யாரும் கூப்பிடவில்லை.