இருபத்தைந்து மரமும் ஒரு மஞ்சள் புடவையும்

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சேலையூர் பூங்கா வாசலில் மொபெட்டை நிறுத்திய சரசுவுக்கு முதலில் மூக்கில் ஏறியது கற்பூர வாசனை. அடுத்து மணிச் சத்தம் காதில் விழுந்தது. உள்ளே எட்டிப் பார்த்தவள் கையிலிருந்த டீ பார்சல் நழுவிக் காலிலேயே விழுந்தது. சூடு கூட உறைக்கவில்லை.

பூங்கா நடுவே நின்ற பழைய தூங்குமூஞ்சி மரத்துக்கு இடுப்பளவு மஞ்சள் பூசியிருந்தார்கள். அதன் மேல் உள்ளங்கை அகலத்துக்குக் குங்குமம். எலுமிச்சம்பழ மாலை ஒன்று, சாமந்தி மாலை நாலு. அடியில் ஒரு பெரிய கூழ்ப்பானை. பானை முன்னால் டம்ளரும் கையுமாக முப்பது பேர் வரிசை. வரிசையில் மூன்றாவதாக, செருப்பைக் கழற்றிவிட்டுப் பவ்யமாக நின்றிருந்தவர், இன்று மரங்களைத் தோண்டிப் போட அவள் வரச்சொன்ன ஜேசிபி டிரைவர்.

சரசு தலையில் கை வைத்துக்கொண்டாள். காரணம், அந்த மரத்தைச் சுற்றிக் கட்டியிருந்த மஞ்சள் துணி அவளுடைய புடவை.

நடந்தது இதுதான். சரசு மேஸ்திரியாகிச் சரியாகப் பதினைந்து நாள். அதற்கு முன் பதினோரு வருஷம் துரை மேஸ்திரியிடம் கூடை தூக்கியும் குழி வெட்டியும் வேலை பார்த்தவள். பூங்காக்களைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினீயர் சத்யபிரியா, அவள் வேலையைக் கவனித்துவிட்டு இந்தப் பூங்காவைத் தனியாக அவளிடம் கொடுத்தார். உள்ளே பொந்து விழுந்த தூங்குமூஞ்சி ஒன்று. யாரோ ஆறு வருஷத்துக்கு முன் சீக்கிரம் பச்சையாக வளரும் என்று சுவரோரம் நட்டுவைத்த கோனோகார்பஸ் இருபத்துநாலு. ஒரு மூலை முழுக்க மண்டிய உண்ணிச்செடி. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஐம்பது குழி வெட்ட வேண்டும்.

"சனிக்கிழமை பத்து மணிக்கு நர்சரி லாரி வரும் சரசு. வேம்பு, புங்கம், நாவல், பூவரசுன்னு ஐம்பது கன்னு. குழி ரெடின்னா இங்க இறக்குவோம். இல்லன்னா லாரி நேரா ஊரப்பாக்கம் போயிடும். அங்க துரை குழி வெட்டி வச்சுட்டுக் காத்திருக்கார்" என்று சொல்லியிருந்தார் சத்யபிரியா. "இதை முடிச்சுட்டா மழைக்கு முன்னாடி இன்னும் நாலு பார்க் இருக்கு. அதுக்கும் நீதான் மேஸ்திரி."

முடிக்காவிட்டால்? அதை அவர் சொல்லவில்லை. துரை சொன்னார். "இன்னாம்மே சரசு, திங்கக்கெழம கூடை தூக்க வந்துரு. உன் கூடை பத்ரமா கீது."

வியாழன் மாலை, எடுக்க வேண்டிய மரங்களில் குறி போட சிவப்பு பெயின்ட் டப்பாவைத் திறந்தால் காய்ந்து கல்லாகக் கிடந்தது. இருட்டுவதற்குள் வேலையை முடிக்க வேண்டும். கூடை தூக்கும்போது சும்மாடாகச் சுருட்டி வைக்கும் பழைய மஞ்சள் புடவை பையில் இருந்தது. சர் சர்ரென்று கிழித்து இருபத்தைந்து மரத்துக்கும் கட்டிவிட்டுப் போய்விட்டாள். மறுநாள் ஆடி வெள்ளி என்பது அவளுக்கு நினைவில்லை. ஐந்து மணிக்கு நடைப்பயிற்சிக்கு வந்த பெண்களுக்கு அது மட்டும்தான் நினைவிலிருந்தது.

"சக்திவேலு, ரம்பத்த எடு" என்றாள் சரசு, குரலைத் தாழ்த்தி.

மெஷின் ரம்பம் பிடிக்கும் சக்திவேல் ரம்பத்தைத் துணி போட்டு மூடினான். "அக்கா, நான் புள்ளகுட்டிக்காரன். குங்குமம் வச்ச மரத்துல கை வைக்க மாட்டேன்."

"அது என் பொடவடா!"

"நேத்து வரைக்கும் உன் பொடவ. இன்னிக்கு நெலம வேற."

சுவரோரம் பார்த்தாள். கோனோகார்பஸ் இருபத்துநாலுக்கும் ஆளுக்கொரு பொட்டு. காக்கைகூடக் கூடு கட்டாத மரங்கள், திடீரென்று கிடைத்த மரியாதையில் பளபளவென்று நின்றன.

பூங்கா வாசலில் பூ விற்கும் அங்காளம்மாள் காலிக் கூடையைக் கவிழ்த்து அதன் மேலேயே உட்கார்ந்திருந்தாள். "ஆறரைக்கே மொத்த பூவும் பூட்ச்சு சரசு. நீ வாராவாரம் கட்டு, நல்லாருப்ப."

"பேஜார் பண்ணாத அங்காளக்கா. யாரு இத்த ஆரம்பிச்சது?"

அங்காளம்மாள் கண்ணால் காட்டினாள். கரண்டியும் கையுமாகக் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார் ஹேமாவதி. தபால் ஆபீசில் முப்பத்தைந்து வருஷம் இருந்து ரிட்டயரானவர். தினமும் இந்த மரத்தடி பெஞ்சில் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு கைதட்டிச் சிரிக்கும் சங்கம் நடத்துகிறவர். அவர் குரலுக்கு இந்தப் பூங்காவில் எதிர்க்குரல் கிடையாது.

சரசு நேராக அவரிடம் போனாள். சுற்றி வளைக்க நேரமில்லை. பையிலிருந்து புடவையின் மீதியை உருவிக் காட்டினாள்.

"மேடம், மன்ச்சிக்கங்க. இத்த கட்டினது நாந்தான். மரம் எடுக்கணும்னு அடையாளத்துக்குக் கட்னேன். பெயின்ட் காஞ்சு பூட்ச்சு. இது அம்மன் துணி இல்ல, என் சும்மாடு."

ஹேமாவதி துணியை வாங்கி மரத்தில் இருந்ததோடு ஒட்டிப் பார்த்தார். அதே கரை, அதே கிழிசல். அவர் முகம் சுருங்கும் என்று எதிர்பார்த்தாள் சரசு. முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா! அம்மா இவ புடவையைத்தான் கேட்டு வாங்கிக் கட்டியிருக்கா. பெயின்ட் ஏன் காயணும்? இத்தனை கலர் இருக்க, மஞ்சப் புடவை ஏன் பையில இருக்கணும்? நீ குடுத்து வச்சவம்மா!" என்றவர், ஒரு டம்ளர் கூழை அவள் கையில் திணித்தார். பின்னாலிருந்த இரண்டு பெண்கள் சரசுவைப் பார்த்தே கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

இந்த நேரம் பார்த்து போன் அடித்தது. துரை.

"இன்னாம்மே, சேலையூர்ல புது கோயிலாமே? வாட்ஸ்அப்ல வீடியோ சுத்திகினு கீது. கும்பாபிசேகம் எப்போ? லாரிய இப்பவே ஊரப்பாக்கம் அனுப்பச் சொல்லட்டா?"

சரசு போனை அணைத்துவிட்டுக் கூழை ஒரே மடக்கில் குடித்தாள். நல்ல கூழ், சின்ன வெங்காயம் தாராளம். தெம்பு வந்தது.

"மேடம், ஒரு நிமிசம் இங்க வாங்க. இங்க காத வைங்க."

ஹேமாவதி குழப்பத்தோடு மரத்தில் காதை வைத்தார். சரசு கை முஷ்டியால் தட்டினாள். டொம், டொம் என்று காலிப் பீப்பாய் மாதிரி சத்தம் வந்தது. பின்பக்கம் அழைத்துப்போய் வேரருகே தட்டு தட்டாக முளைத்திருந்த காளானை விலக்கி, பொந்துக்குள் கையை விட்டாள். தோள் வரை போயிற்று. வெளியே எடுத்தபோது கை நிறைய மரத்தூள்.

"போன மாசம் ஒரு கிளை வுழுந்துச்சே, எங்க வுழுந்துச்சு?"

"எங்க பெஞ்ச் மேல" என்றார் ஹேமாவதி. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "நல்லவேளை, அன்னைக்கு மழைன்னு யாரும் வரலை."

"அம்மா இதுல குடியிருக்கான்னு சொல்றீங்க. சரி, நானும் ஒத்துக்கறேன். இடிஞ்சு வுழுற வூட்ல அம்மாவ குந்த வச்சிட்டு, நாம மட்டும் கான்கிரீட் வூட்ல ஃபேன் போட்டுகினு தூங்கலாமா மேடம்? வேற வூடு பாத்துக் குடுக்க வேணாமா?"

வரிசை அப்படியே நின்றது. ஹேமாவதி கரண்டியைப் பானையில் போட்டார். பிறகு தபால் ஆபீசே அதிர்ந்திருக்கக்கூடிய குரலில், "பாலாலயம்!" என்றார்.

சக்திவேல் விழித்தான். "அப்டின்னா?"

"கோயில் திருப்பணி நடக்கும்போது சாமியைக் கலசத் தண்ணியில இறக்கி வேற இடத்துல வைப்பாங்கப்பா. வேலை முடிஞ்சதும் திரும்ப ஏத்துவாங்க. எங்க தெருப் பிள்ளையாருக்குக்கூட அப்படித்தான் பண்ணினோம். அதே மாதிரி அம்மாவைக் கலசத்துல இறக்கிடலாம். ஆனா திரும்ப எங்க ஏத்தறது?"

"வேம்பு" என்றாள் சரசு. "வேம்புன்னா அம்மாவுக்குச் சொந்த வூடாச்சே? நாளைக்குப் பத்து மணிக்கு லாரில வருது. ஒரு கன்னு இல்ல மேடம், மத்த மரமும் சேத்து ஐம்பது கன்னு. ஆனா ஐம்பது குழி இல்லன்னா லாரி நிக்காது. அம்மா நேரா ஊரப்பாக்கம் பூடுவா."

"ஊரப்பாக்கமா? எங்க அம்மாவா?" ஹேமாவதி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினார்.

அதன் பிறகு சரசு யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அங்காளம்மாள் பூவுக்குத் தண்ணீர் தெளிக்கும் பித்தளைச் சொம்பைக் கழுவிக் கொடுத்தாள். மாவிலையும் தேங்காயும் எங்கிருந்தோ வந்தன. ஹேமாவதி மரத்தை மூன்று முறை சுற்றி, சொம்பை அதன் மேல் வைத்து எடுத்து, பூங்கா அலுவலக அறை மேஜை மேல் வைத்தார். கோனோகார்பஸ் மரங்களுக்குப் பொட்டு வைத்தவர்களும் டம்ளர் தண்ணீரோடு வரிசையில் வந்து அதே சொம்பில் ஊற்றினார்கள். இருபத்தைந்து அம்மனும் ஒரே சொம்பில் அடக்கம்.

சக்திவேல் மரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "இப்ப காலி வூடுதானே?" என்று இன்னொரு முறை கேட்டுவிட்டு ரம்பத்தை எடுத்தான்.

மேலிருந்து கிளை கிளையாகக் கயிறு கட்டி இறக்கினார்கள். அடிமரம் சாய்ந்தபோது எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். மிச்சம் நின்ற அடிக்கட்டையின் பொந்துக்குள் ஓர் ஆள் நிற்கலாம். ஹேமாவதியின் கணவர் சாம்பசிவன் நின்றே காட்டினார்.

"இதுக்குக் கீழதான் இத்தனை நாள் சிரிச்சுட்டிருந்தீங்க" என்றார் அவர் உள்ளேயிருந்து.

"நீங்க வெளில வாங்க, அங்கேயே உங்களுக்குப் பொட்டு வச்சிடப் போறாங்க" என்றார் ஹேமாவதி. சங்கம் மொத்தமும் சிரித்தது. பயிற்சிச் சிரிப்பு இல்லை, நிஜச் சிரிப்பு.

அடுத்து ஜேசிபி. வெட்டிவிட்டால் மறுபடி துளிர்க்கும் என்பதால் கோனோகார்பஸைச் சுவரோரத்திலிருந்து வேரோடு பிடுங்க வேண்டியிருந்தது. பதினேழாவது மரத்தை இழுத்தபோது படாரென்று ஒரு சத்தம். தண்ணீர் பீச்சியடித்து டிரைவர், சக்திவேல், சாம்பசிவன் மூவரும் ஒருசேர நனைந்தார்கள். சரசு ஓடிப்போய்ப் பார்த்தாள். குடிநீர்க் குழாய்க்குள் அந்த மரத்தின் வேர், பெண் பிள்ளையின் பின்னல் மாதிரி ஒன்றரை அடி நீளத்துக்கு அடைத்துக் கிடந்தது.

"ரெண்டு வருஷமா பார்க் குழாய்ல தண்ணி வரலன்னு நான் எழுதாத மனு இல்ல!" என்று சொட்டச் சொட்ட நின்றார் சாம்பசிவன். "இவன்தானா குடிச்சிட்டிருந்தான்?"

"இவனுக்குத்தான் காலைல பொட்டு வேற வச்சோம்" என்றாள் அங்காளம்மாள்.

மண்வெட்டி ஆறுதான் இருந்தது. மாலைக்குள் வீடுகளிலிருந்து பதினொன்று வந்தன. ஆளுக்கொரு குழி என்று பெண்கள் பிரித்துக்கொண்டார்கள். உண்ணிச்செடி மூலையை ஹேமாவதியின் சங்கமே கையுறை போட்டுக்கொண்டு வேரோடு பிடுங்கியது. சரசு ஒவ்வொரு குழிக்கும் குனிந்து ஆழம் பார்த்தாள். "மேடம், இது குழியா, கோலத்துக்குப் புள்ளி வச்சீங்களா? இன்னும் ரெண்டு சாண் தோண்டுங்க." ஹேமாவதி மறுபடி மண்வெட்டியை ஓங்கினார். சனிக்கிழமை காலை யாரும் நடக்கவில்லை, எல்லாரும் வெட்டினார்கள்.

ஒன்பதே முக்காலுக்கு லாரி வந்தது. சத்யபிரியா இறங்கி, கையில் பேனாவோடு பூங்காவைச் சுற்றி எண்ணிக்கொண்டே வந்தார். சரசு பின்னாலேயே நடந்தாள்.

"நாப்பத்தெட்டு... நாப்பத்தொம்போது... ஐம்பது..." வாசலருகே நின்றார். "ஐம்பத்தொண்ணு? நான் ஐம்பதுதானே சொன்னேன்?"

"அது என்னுது மேடம்" என்றாள் அங்காளம்மாள். "மகிழ மரம் ஒண்ணு வைங்க. நெழலும் ஆச்சு, பூவும் என் கூடையிலேயே வுழும்."

லாரி டிரைவர் தலையைச் சொறிந்தார். பை கிழிந்துபோன மகிழங்கன்று ஒன்று கணக்கில் சேராமல் மூலையில் கிடக்கிறது என்றார். அங்காளம்மாள் அவர் முடிப்பதற்குள் லாரியில் ஏறியிருந்தாள்.

தூங்குமூஞ்சி நின்ற இடத்துக்குப் பக்கத்துக் குழியில் வேம்பை இறக்கினார்கள். ஹேமாவதி சொம்புத் தண்ணீரை ஊற்றினார். சரசு ஊன்றுகோல் நட்டு, கன்றை அதோடு சேர்த்து மஞ்சள் துணியாலேயே கட்டினாள். சத்யபிரியா நோட்டில் எழுதுவதை ஓரக்கண்ணால் பார்த்தாள். 'சரசு, மேஸ்திரி' என்று எழுதி, அதன் கீழே நாலு பூங்காக்களின் பெயரையும் எழுதினார்.

போன் அடித்தது. பின்னணியில் ஒரே கூச்சல்.

"சரசு, துரை பேசறேன். இங்க ஒரு பட்டுப்போன மரத்த எடுக்கலாம்னு வந்தா, ஜனங்க மரத்தச் சுத்தி நின்னுகினு ரம்பத்தப் புடிங்கி வச்சிக்கினாங்க. இன்னா சொன்னாலும் கேக்க மாட்டேன்றாங்க. அங்க மட்டும் எப்டி...?"

"யார் வேணும் உங்களுக்கு?"

"இன்னாது?"

"இல்ல, பேரு சரியா வுழல. யார்கிட்ட பேசணும்?"

துரை தொண்டையைச் செருமினார்.

"மேஸ்திரி... அந்த மஞ்சப் பொடவைல மிச்சம் எதனா கீதா?"

சரசு பையைத் துழாவினாள். முந்தானைத் துண்டு ஒரு முழம் இருந்தது. "கீதுண்ணா" என்றாள். "எத்துகினு வரேன். நீங்க மொதல்ல ஒரு பானை கூழ் காய்ச்சச் சொல்லுங்க."